ஓமோனைக் குறை சொல்ல முன்: திருகோணமலைப் பெண்களுக்கு மாதவிடாய், கர்ப்பம், தாம்பத்தியம் பற்றிய முழு வழிகாட்டி

ஃபைல் நல்ல தடிப்பு. உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுத் தங்கச்சி அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"ஓமோன் எல்லாம் செக் பண்ணிட்டன் அக்கா. ஒண்டும் விளங்கல்ல."

ஒன்பது பரிசோதனை. செலவை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கல்யாணமாகி ஐந்து வருஷம், ஒரு பிள்ளை. கொஞ்ச நாளாகக் கணவரோடு சேர மனமே வருவதில்லை, சேர்ந்தாலும் எரிவு. "ஓமோன் பிழையாயிருக்கும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் நேரே போய் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

"இரத்தம் குடுத்த அண்டைக்கு மாதவிடாய் வந்து எத்தினையாம் நாள்?"

"ஞாபகமில்ல அக்கா."

"என்ன குளிசை போடுறாய்?"

"குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை மட்டுந்தான்."

அங்கேயே பாதி ரிப்போட் பயனில்லாமல் போய்விட்டது. அந்தக் குளிசையின் வேலையே மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகும் கட்டளையை அடக்குவதுதான். அதைப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டளை ஓமோன்களான எஃப்.எஸ்.எச், எல்.எச் இரண்டையும் சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரடயோலையும் பார்த்தால் குளிசை ஒழுங்காக வேலை செய்கிறது என்பது தெரியவரும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

பெண்கள் வார்டிலும் கிளினிக்கிலும் முப்பது வருஷம் தாதியாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். ஊசியை எடுக்க முன் நாங்கள் கேட்கும் கேள்விகளை, கேட்கும் ஒழுங்கிலேயே இங்கே எழுதுகிறேன். டொக்டரிடம் போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் என் கதை.

முதலாம் படி: ஒரு கொப்பி

நாற்பது பக்கக் கொப்பி போதும். ஃபோனில் செயலி வைத்திருப்பவர்கள் அதிலேயே குறிக்கலாம். ஆனால் ஃபோன் பிள்ளைகளின் கையில் இருக்கும் வீடென்றால் கொப்பிதான் நல்லது.

முதலில் எழுத வேண்டியது மாதவிடாய் தொடங்கிய திகதி. முடிந்த திகதியைத்தான் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் தலை முழுகிய நாள் அதுதான். கணக்குக்கு வேண்டியது முதல் நாள். அந்த நாளிலிருந்து அடுத்த முறை வரும் முதல் நாள் வரைக்கும் 24 இலிருந்து 38 நாள் என்றால் வழமைக்குள் அடங்கும். எல்லாருக்கும் 28 நாள் வர வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. பெரியபிள்ளையாகி ஓரிரு வருஷம்தான் என்றால் 45 நாள் வரை போவதும் உண்டு. எட்டு நாளுக்கு மேல் போகும் இரத்தம், ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பேட் நனையும் அளவு, பெரிய கட்டிகள், இரண்டு சுற்றுக்கு நடுவிலோ உடலுறவுக்குப் பிறகோ தெரியும் இரத்தம், இவற்றையெல்லாம் சிவப்புப் பேனையால் குறியுங்கள்.

அடுத்தது குளிசைகள். ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும். வயிற்றுப்புண்ணுக்குப் போடுவது, மன அழுத்தத்துக்குப் போடுவது, பாமசியில் சும்மா கேட்டு வாங்கியது, நாட்டு மருந்துக் கடைத் தூள், ஃபேஸ்புக்கில் பார்த்து வாங்கிய "ஓமோன் சீராக்கும்" பவுடர் எல்லாமே. கடைசியில் சொன்னதில் உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருக்காவிட்டால், அதை முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு பேசுவோம்.

மூன்றாவது, வெட்கப்படாமல் எழுத வேண்டியது: மனம் வந்ததா, ஈரம் இருந்ததா, வலித்ததா. மூன்று எழுத்துப் போதும். ம, ஈ, வ. மற்றவர் பார்த்தாலும் விளங்காது. அந்தத் தங்கச்சி மூன்று மாதம் எழுதிய பக்கத்தில் ஒரு வரி இப்படி இருந்தது: "12ஆம் நாள், ம இல்லை, ஈ இல்லை, வ உண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல், இரவு நித்திரை இல்லை." ஒன்பது பரிசோதனை சொல்லாத விஷயம் அந்த ஒரு வரியில் இருந்தது.

ஒரு மாதத்துக்குள் என்ன நடக்கிறது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், இல்லாவிட்டால் டீச்சர் அந்தப் பாடத்தை "வீட்ட போய் வாசியுங்கோ" என்று தாண்டிப் போயிருப்பார்.

முதல் பாதியில் ஈஸ்ட்ரஜன் ஏறும். கருப்பையின் உட்படலம் தடிக்கும், யோனியில் ஈரம் கூடும். முட்டை வெளியாகும் நாட்களை ஒட்டி யோனியிலிருந்து படும் வெள்ளை, அவிக்காத கோழிமுட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இழுபடும். அது வருத்தம் இல்லை, கருத்தரிக்கக்கூடிய நாட்கள் என்பதற்கு உடம்பு காட்டும் அடையாளம். விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டைக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. ஆகவே பிள்ளை வேண்டுமென்றால் முட்டை வெளியாகும் நாளுக்கு முன்னால் உள்ள நாட்கள்தான் முக்கியம். அடுத்த மாதவிடாய் வருவதற்கு ஏறத்தாழ 14 நாள் முன்னர்தான் முட்டை வெளியாகும். 35 நாள் சுற்றுள்ள பெண்ணுக்கு அது 21ஆம் நாளளவில் வரும். "14ஆம் நாள் சேருங்கோ" என்ற புத்திமதியை நம்பி ஒரு வருஷத்தை வீணாக்கியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாம் பாதியில் புரோஜெஸ்டிரோன் வரும். மார்பு கனக்கும், வயிறு ஊதும், சிலருக்குச் சினம் வரும். கருத்தரிக்காவிட்டால் இரண்டும் இறங்கி மாதவிடாய் வரும். டெஸ்டஸ்டிரோன் ஆண்களுக்கு மட்டும் உரியதில்லை. பெண்ணின் சூலகமும் சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பியும் சிறிதளவு சுரக்கின்றன. இருபதுகளுக்குப் பிறகு அது மெல்ல மெல்லக் குறையும். ஆனால் "டெஸ்டஸ்டிரோன் குறைவு, அதால மனம் இல்லை" என்று ஒரு இரத்தப் பரிசோதனையை வைத்து முடிவு கட்ட முடியாது. அளவு குறைந்தவர்களிலும் ஆசை உண்டு, அளவு சரியாக உள்ளவர்களிலும் ஆசை இல்லாமல் போகும்.

இரண்டாம் படி: மனமா, ஈரமா, வலியா?

எல்லாம் தங்கியிருப்பது இந்தப் படியில்தான். "எனக்கு ஏலாது" என்று ஒரு பெண் சொல்லும்போது அதற்குள் மூன்று வேறு வேறு பிரச்சினை இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

மனம் இல்லை என்றால் முதலில் கேட்பது நித்திரை, களைப்பு, கவலை. இரத்தச்சோகை உள்ளவளுக்கு மாடிப்படி ஏறவே முடியாது, ஆசை எங்கிருந்து வரும்? ஒரே அறையில் பிள்ளைகளும் மாமியும் படுக்கும் வீட்டில் எந்த ஓமோனும் வேலை செய்யாது. மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில குளிசைகள் ஆசையைக் குறைக்கும், உச்சத்தைத் தள்ளிப்போடும். அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். எழுதித் தந்த டொக்டரிடம் சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்றலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல பெண்களுக்கு ஆசை முன்கூட்டியே வந்து நிற்பதில்லை. அணைப்பும் பேச்சும் தொடங்கிய பிறகுதான் வருகிறது. அது குறைபாடு இல்லை. குறைபாடு என்று நினைத்துக் கவலைப்படுவதுதான் பிறகு குறைபாடாகிறது.

மனம் இருக்கிறது, ஈரம் இல்லை என்றால் ஈஸ்ட்ரஜன் குறைந்த நிலையைத் தேட வேண்டும்: பாலூட்டும் காலம், மாதவிடாய் நிற்கும் வயது, சூலகம் எடுத்த சத்திரசிகிச்சை, சிலருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு மருந்து. அவசரப்படுத்தும் கணவரும் ஒரு காரணம், அதற்குப் பாமசியில் மருந்து இல்லை. நீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்குக் களிம்பு பாமசிகளில் கிடைக்கும். தேங்காயெண்ணெய் பாவிக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்திருங்கள்: எண்ணெய் பட்டால் ஆணுறை பலம் இழந்து கிழியும். இரண்டையும் சேர்க்க வேண்டாம்.

வலி என்றால் எந்த இடத்தில் என்று பிரித்துச் சொல்லுங்கள். வாசலில் எரிவதென்றால் வறட்சி, பூஞ்சை, தையல் போட்ட இடம். உள்ளே ஆழத்தில் குத்துவதென்றால், அதோடு மாதவிடாய் வலியும் வருஷா வருஷம் கூடிக்கொண்டு போவதென்றால், கருப்பை உட்படலம் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயைத் தேட வேண்டும். "எல்லாப் பொம்பிளையளுக்கும் வலிக்கிறதுதானே" என்று அம்மா சொன்னதைக் கேட்டு வருஷக்கணக்காகப் பொறுத்தவர்கள் எத்தனை பேர்!

உள்ளே போகவே முடியவில்லை, தொட்டவுடன் இறுகிவிடுகிறது என்றால் அது வஜைனிஸ்மஸ். கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் உறவே நடக்காமல், குழந்தைப்பேற்றுக்கு என்று வந்து நிற்கும் தம்பதிகளை நான் கண்டிருக்கிறேன். அவளுக்குப் பயம், அவருக்கு அவமானம், இரண்டு வீட்டுக்காரருக்கும் பேரப்பிள்ளைக் கவலை. அந்தத் தசைகளைத் தளர்த்தப் பழக்கும் பயிற்சியாலும் ஆறுதலான ஆலோசனையாலும் பெரும்பாலானோருக்குச் சரியாகிவிடும். ஓமோன் ஊசி இதற்குத் தேவையில்லை.

வெள்ளை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தயிர் மாதிரித் திரண்டு, கடி இருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பவதிகளுக்கும் இது அடிக்கடி வரும். மீன் நாற்றம் அடித்தால் பற்றீரியாக்களின் சமநிலை குழம்பியிருக்கலாம். பச்சை மஞ்சளாக, நுரையோடு வந்தால் பாலியல் தொற்றைப் பார்க்க வேண்டும், கணவருக்கும் சேர்த்து. யோனியின் இயல்பான அமிலத்தன்மை பி.எச் (pH) அளவில் 3.8 இலிருந்து 4.5 வரை. அதைக் காப்பது உள்ளே வாழும் நல்ல பற்றீரியாக்கள். டெட்டோல் கலந்த தண்ணீரால் உள்ளே கழுவினால் செத்துப்போவது அவைதான். வெளியே வெறும் தண்ணீர் போதும்.

மூன்றாம் படி: இரத்தம் கொடுப்பதென்றால் எந்த நாளில்?

எஃப்.எஸ்.எச், எல்.எச், ஈஸ்ட்ரடயோல் மூன்றும் மாதவிடாயின் 2 இலிருந்து 5ஆம் நாளுக்குள். முட்டை வெளியானதா என்று பார்க்கும் புரோஜெஸ்டிரோன், அடுத்த மாதவிடாய் வர ஏழு நாள் இருக்கும்போது. 28 நாள் சுற்றென்றால் அது 21ஆம் நாள், 35 நாள் சுற்றென்றால் 28ஆம் நாள். பால் சுரக்க வைக்கும் ஓமோனான புரோலக்டின் காலையில், எழும்பி இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து, கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு. ஓடி வந்து பதற்றத்தோடு கொடுத்தால் அது கூடிக் காட்டும். சத்திக்குக் கொடுக்கும் டொம்பெரிடோன், மெற்றோகுளோபிரமைட் போன்ற குளிசைகளும் அதைக் கூட்டும். தைரொயிட்டுக்கான டி.எஸ்.எச் எந்த நாளிலும் பார்க்கலாம். முடி கொட்டுவதற்கு என்று பயோட்டின் குளிசை போடுகிறவர்கள் ஆய்வுகூடத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள், அது சில முடிவுகளைப் பிழையாகக் காட்டும்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்கிறேன். சுற்று ஒழுங்காக வரும் பெண்ணுக்கு, மனம் இல்லை என்ற ஒன்றுக்காக இந்த முழுப்பட்டியலும் தேவையில்லை. ஹீமோகுளோபின், சீனி, டி.எஸ்.எச் போதும். மிச்சம் டொக்டர் காரணம் சொல்லிக் கேட்டால் மட்டும். மாதவிடாய் பிந்தியிருந்தால் எல்லாவற்றுக்கும் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, கடைசியில் முழுகாமல் இருந்ததைக் கண்டுபிடித்த கதைகளும் உண்டு.

தைரொயிட்டும் தேத்தண்ணியும்

கிண்ணியாவில் இருந்து ஒரு ராத்தா வருவார். தைரொயிட் குறைவு. களைப்பு, மாதவிடாய் கடும் பெருக்கு, மலச்சிக்கல், முடி உதிர்வு, கணவரோடு பேசவே சலிப்பு. லெவோதைரொக்சின் குளிசை ஒரு நாளும் தவறவிடமாட்டார். ஆனால் தைரொயிட் குறையும்போது கூடிக் காட்டும் டி.எஸ்.எச் இறங்குவதாக இல்லை, ஒவ்வொரு கிளினிக்கிலும் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

"ராத்தா, குளிசைய எப்படிப் போடுறீங்க?"

"காலைல தேத்தண்ணியோடதான் மிஸ்ஸி. எல்லாக் குளிசையையும் ஒண்டாப் போட்டுடுவன், மறக்காம இருக்க."

எல்லாக் குளிசையும் என்றால் கல்சியமும் இரும்பும் சேர்த்து. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், தேத்தண்ணிக்கு அரை மணித்தியாலமாவது முன்னால் போட வேண்டிய குளிசை அது. கல்சியத்துக்கும் இரும்புக்கும் அதற்கும் நடுவில் நாலு மணித்தியாலம் வேண்டும். நோன்பு காலத்தில் இரவு சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் கழித்துப் படுக்கும்போது போடலாம். அவர் நேரத்தை மாற்றினார், அளவைக் கூட்டவில்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு ரிப்போட்டைக் காட்ட வந்தபோது, கூடவே நாலு பேரீச்சம்பழப் பெட்டி.

இந்தக் குளிசை போடுகிறவர்கள் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே கிளினிக்குக்கு அறிவிக்க வேண்டும். கர்ப்பத்தில் தேவை கால்வாசிக்கு மேல் கூடும், முதல் மாதங்களில் சிசுவின் மூளைக்குத் தாயின் தைரொயிட்தான் துணை. இலங்கையில் 1995 இலிருந்து உப்பில் அயடீன் கட்டாயம். அதனால் பழைய காலத்துக் கழலை குறைந்துவிட்டது, ஆனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் வகை அப்படியேதான் இருக்கிறது.

பி.சி.ஓ.எஸ் என்ற சூலக ஓமோன் குழப்பம் பற்றியும் ஒரு பந்தி. சுற்று 35 நாளுக்கு மேல் தள்ளிப்போவது, முகத்தில் தடித்த முடியும் முகப்பருவும், ஸ்கேனில் சூலகத்தில் பல சிறு நுண்குமிழ்கள். மூன்றில் இரண்டு இருந்தால், வேறு காரணங்களை விலக்கிய பிறகு, இந்தப் பெயரைச் சொல்வார்கள். ஸ்கேனை மட்டும் பார்த்து "கட்டி இருக்கு" என்று பயந்தவர்கள் ஏராளம். அவை கட்டிகளே இல்லை, முதிராத முட்டைகளின் பைகள். பின்னணியில் பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை. எடை கூடியவர்கள் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து குறைத்தாலே பலருக்குச் சுற்று திரும்பும். மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமல் விட்டுவிடாதீர்கள், கருப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல.

நான்காம் படி: முழுகாமல் இருக்கும்போது

தாயையும் பிள்ளையையும் இணைக்கும் சூல்வித்தகம் ஒரு பெரிய ஓமோன் தொழிற்சாலை. முதல் வாரங்களில், கர்ப்பப் பரிசோதனையில் தெரியும் ஓமோனான எச்.சி.ஜி இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும், 8 இலிருந்து 11 வாரத்துக்குள் உச்சிக்குப் போகும். சத்தி கடுமையாவதும் அதே காலம்தான். அதற்குப் பிறகு சூல்வித்தகமே ஈஸ்ட்ரஜனையும் புரோஜெஸ்டிரோனையும் சுரந்து, கர்ப்பத்துக்கு முன் இருந்ததைவிடப் பல மடங்கு ஏற்றும்.

அதனால் தாம்பத்தியத்தில் என்ன மாற்றம்? முதல் மூன்று மாதம் மார்பு நோ, ஓங்காளம், களைப்பு, மனம் இல்லை. நடு மூன்று மாதம் பலருக்குத் தெம்பு வரும். இடுப்புப் பகுதிக்கு இரத்தம் கூடுவதால் சிலருக்கு ஆசையும் உணர்வும் முன்னெப்போதும் இல்லாத அளவு கூடும், அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைசி மூன்று மாதம் வயிறு, முதுகு, மூச்சு, மறுபடியும் குறையும். மூன்றிலும் உங்கள் உடம்பு அப்படி நடக்காவிட்டாலும் பிழையில்லை.

பிள்ளைக்குக் காயம் படுமா என்பதுதான் எல்லாருடைய கேள்வியும், கேட்பது பெரும்பாலும் கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்துதான். படாது. கருப்பைக் கழுத்தைத் தடித்த சளி அடைத்திருக்கும், பிள்ளை நீர்ப்பைக்குள் மிதக்கும். உச்சத்துக்குப் பிறகு வயிறு கொஞ்ச நேரம் இறுகுவது இயல்பு, சிக்கலில்லாத கர்ப்பத்தில் அது குறைமாதப் பிரசவத்தைக் கொண்டுவராது. வயிறு பெருத்த பிறகு இடப்பக்கம் சரிந்து படுத்த நிலை சுகம்.

ஆனால் இந்த நிலைகளில் வேண்டாம், டொக்டர் சரி என்று சொல்லும் வரை: இரத்தம் கண்டால், சூல்வித்தகம் கருப்பை வாயை மூடிக் கீழே இருந்தால், நீர் உடைந்தால், கருப்பைக் கழுத்து கட்டையாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அல்லது தையல் போட்டிருந்தால், குறைமாத வலி வந்திருந்தால். "உறவு வேண்டாம்" என்று கிளினிக்கில் சொன்னால் எது வேண்டாம், எவ்வளவு காலத்துக்கு என்று கேளுங்கள். கேட்காததால் ஒன்பது மாதமும் தனித்தனிப் பாயில் படுத்தவர்களைத் தெரியும்.

மாமியார் கையில் தரும் எந்தக் கசாயமும், பாமசியில் எடுக்கும் எந்தப் பூஞ்சைக் குளிசையும் கர்ப்பத்தில் கேட்காமல் வேண்டாம். பூஞ்சைக்கு யோனியில் வைக்கும் மருந்து உண்டு, கிளினிக்கிலேயே சொல்வார்கள்.

முதல் கிளினிக்கில் எடுக்கும் இரத்தத்தில் சிபிலிசும் எச்.ஐ.வியும் பார்க்கப்படும். யாரையும் சந்தேகித்து எடுப்பதில்லை, எல்லாத் தாய்மாரிடமும் எடுப்பது. அப்படி எடுத்துத்தான் தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை ஏற்றுக்கொண்டது. கணவர் கட்டாரிலோ சவுதியிலோ இருந்து லீவில் வந்து போகிறவர் என்றால், இல்லை நீங்களே போய் வந்தவர் என்றால், இருவரும் ஒருதரம் சேர்ந்து பரிசோதித்துக்கொள்வது நல்லது. சந்தேகம் என்ற சொல்லைப் பாவிக்காமல், "பிள்ளைக்காக ரெண்டு பேரும் பாப்பம்" என்று சொன்னால் சண்டை வராது. சொல்லிப் பார்த்தவர்கள் சொன்னது.

ஐந்தாம் படி: பிள்ளை பிறந்த பிறகு

சூல்வித்தகம் வெளியே வந்ததும் ஈஸ்ட்ரஜனும் புரோஜெஸ்டிரோனும் சடாரென்று இறங்கும். மூன்றாம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு கிழமைக்கு மேல் அழுகையும் வெறுமையும் போகாவிட்டால் அது பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வாக இருக்கலாம், மிட்வைஃபிடம் சொல்லுங்கள்.

பாலூட்டும்போது புரோலக்டின் மேலே, ஈஸ்ட்ரஜன் கீழே. யோனி வறண்டிருக்கும், மனமும் இருக்காது. இது தற்காலிகம். எங்கள் வீடுகளில் 31 அல்லது 41 நாள் துடக்கு, முஸ்லிம் வீடுகளில் 40 நாள். காயம் ஆறி, இரத்தப்போக்கு நிற்க எடுக்கும் காலமும் ஏறத்தாழ அவ்வளவுதான். பெரியவர்கள் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள் போல. சரக்குக் கறியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் "தண்ணி குடிச்சா வயிறு ஊதும்" என்று தண்ணீரைக் கட்டுப்படுத்துவதைத் தயவுசெய்து விடுங்கள், பால் குடிக்கிற பிள்ளையின் தாய்க்குத் தாகம் தீர வேண்டும்.

மாதவிடாய் வரவில்லை என்பதற்காகக் கருத்தரிக்காது என்று நினைக்காதீர்கள், முட்டைதான் முதலில் வரும். பால் கொடுக்காதவர்களுக்கு மூன்று கிழமையிலிருந்தே பாதுகாப்பு வேண்டும். பாலூட்டல் காப்பாற்ற மூன்று நிபந்தனையும் சேர்ந்திருக்க வேண்டும்: பிள்ளைக்கு ஆறு மாதத்துக்குள், இரவு பகல் தாய்ப்பால் மட்டும், மாதவிடாய் இன்னும் வரவில்லை. ஒன்று தவறினாலும் கணக்குப் பிழை.

பிரசவத்தில் பெருமளவு இரத்தம் போனவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். பால் சுரக்கவே இல்லை, மாதங்கள் போயும் மாதவிடாய் திரும்பவில்லை, எப்போதும் களைப்பும் குளிரும், அக்குள் முடியும் உதிர்கிறது என்றால், அது ஷீஹான் நோயாக இருக்கலாம். மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பிக்கு இரத்தம் போதாமல் அது பாதிக்கப்பட்டிருக்கும். வருஷக்கணக்காக "உடம்பு தேறல்ல" என்று மட்டும் சொல்லிக்கொண்டு, சத்து மாவு குடித்துக்கொண்டு இருப்பார்கள். இங்கேதான் ஓமோன் பரிசோதனை உண்மையில் உயிரைக் காக்கும். டொக்டரிடம் "பிரசவத்தில் இரத்தம் ஏற்றினவை" என்ற ஒரு வசனத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

குடும்பக் கட்டுப்பாடும் ஆசையும்

மூன்று மாத ஊசி, கையில் வைக்கும் குச்சி, லூப், குளிசை எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். ஓமோன் இல்லாத ஒன்று வேண்டும் என்றால் செம்பு லூப், 10 வருஷம் வரை இருக்கும், ஆனால் சிலருக்கு மாதவிடாய் பெருகும். ஊசியில் சிலருக்கு இரத்தம் முழுதாக நின்றுவிடும், அது உள்ளே தேங்கி நிற்பதில்லை, படலமே வளரவில்லை. நிறுத்திய பிறகு பிள்ளை தரிக்கப் பல மாதம் எடுக்கலாம், ஆகவே அடுத்த வருஷமே பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. இரண்டு ஓமோன் சேர்ந்த சேர்க்கைக் குளிசை, உடம்பில் சுதந்திரமாகத் திரியும் டெஸ்டஸ்டிரோனைக் குறைக்கும். பெரும்பாலானோருக்கு வித்தியாசம் தெரியாது, சிலருக்கு ஆசை குறையும். நம் உப்புவெளித் தங்கச்சி அந்தச் சிலரில் ஒருத்தியா என்று அறிய, மிட்வைஃபிடம் கேட்டு வேறு முறைக்கு மாறி மூன்று மாதம் பார்த்தாள். எரிவு போய்விட்டது. மனம்? அது பிள்ளை நித்திரை கொள்ளப் பழகிய பிறகுதான் வந்தது.

கோயில் திருவிழாவுக்கும் ஹஜ்ஜுக்கும் மாதவிடாயைத் தள்ளிப்போடும் குளிசை பற்றியும் கேட்பார்கள். அது பெரும்பாலும் நொரெதிஸ்டிரோன். டொக்டர் எழுதிப் போட்டால் பெரும்பாலானோருக்கு ஆபத்தில்லை. ஆனால் காலில் இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பமாக இருக்கக்கூடியவர்களுக்கும் ஆகாது. கருத்தடைக் குளிசை என்று நினைத்து ஏமாறவும் கூடாது.

மாதவிடாய் நிற்கும் வயதில்

45 இலிருந்து 55 வயதுக்குள். 12 மாதம் தொடர்ந்து வராவிட்டால் நின்றுவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு ஒரு துளி இரத்தம் கண்டாலும் உடனே காட்ட வேண்டும், "திரும்ப வந்திட்டுது" என்று சந்தோஷப்பட்டு ஒரு வருஷம் பிந்தி வந்த ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை.

முகம் சூடாவதும் வியர்ப்பதும் சில வருஷத்தில் தானாகக் குறையும். யோனி வறட்சி மட்டும் குறையாது, கூடிக்கொண்டு போகும். அடிக்கடி சிறுநீர் எரிவதும் அதனோடு சேர்ந்ததுதான். யோனியில் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரஜன் களிம்பு இதற்கு மிக நல்ல மருந்து, இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் முதலில் தங்கள் நிபுணரிடம் கேட்க வேண்டும். "இந்த வயசில இதெல்லாம் என்னத்துக்கு" என்று கேட்கும் மகள்மாருக்கு ஒரு வார்த்தை: அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என்ன தேவை என்பது அவர்கள் விஷயம்.

எங்கே போவது

உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் வெல் வுமன் கிளினிக் நடக்கும். 35 வயதிலும் 45 வயதிலும் கட்டாயம் போங்கள். பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்தைப் பார்க்கும் பாப் ஸ்மியர் எல்லாம் இலவசம். மகள் 6ஆம் தரத்தில் படித்தால் பாடசாலையில் தரும் எச்.பி.வி தடுப்பூசியைத் தடுக்காதீர்கள், அது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரானது. மகப்பேற்று மருத்துவ நிபுணரைப் பார்க்கத் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குப் போகலாம். கிண்ணியா, மூதூர், கந்தளாய்க்காரர் முதலில் தங்கள் ஆதார வைத்தியசாலையில் காட்டலாம். பாலியல் நோய்க் கிளினிக்கில் விபரம் வெளியே போகாது, காசும் இல்லை. வீட்டில் கட்டாயப்படுத்தும் உறவு, அடி உதை என்றால் அரச வைத்தியசாலைகளில் உள்ள நட்பு நிலையத்தைக் கேளுங்கள், அல்லது பெண்களுக்கான உதவி இலக்கம் 1938ஐ அழையுங்கள். கர்ப்பத்தில் இரத்தம் கண்டால் ஓட்டோ தேடி நிற்க வேண்டாம், 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

பதியும் இடத்தில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது "என்ன வருத்தம்?" என்று சத்தமாகக் கேட்பார்கள். "பெண் நோய், டொக்டரிட்ட சொல்லுறன்" என்று சொன்னால் போதும், அதற்கு மேல் அங்கே விளக்கத் தேவையில்லை. உள்ளே போனதும் வெட்கம் வாயை அடைத்தால், கொப்பியை விரித்து அந்தப் பக்கத்தை மேசையில் வையுங்கள்.